ஆங்கிலத்தில் 'செட்' என்றால் என்னென்ன?

அவையோர்க்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள 'செட்' என்ற சொல்லுக்கு, 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 400-க்கும் மேற்பட்ட பொருள் தருகிறது. அத்தனையையும் நெட்டுருப் போட வேண்டாம். நம் இலக்கணத்தில் அமர்ந்தான் தன்வினை, அமர்த்தினான் பிறவினை அல்லவா? 'சிட்' அமர்தல், அதன் பிறவினை 'செட்'. ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துவது. தஞ்சாவூர் வீணையில் தந்திகளுக்கு அடியில் இருக்கும் 24 மெட்டுகளையும் அவற்றின் சுர இடம் பார்த்து மெழுகில் பதிக்கிறார்களே ('மேளம் கட்டுவது' என்பார்கள்), அது 'செட்'. நகையில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவது, அலாரம் வைப்பது எல்லாம் அதேதான். இறந்தகாலத்திலும் 'செட்' மாறாது. 'செட்டட்' என்று எழுதாதீர்கள்.

இருத்திய பொருள் இறுகினாலும் 'செட்'. 'கலவை செட் ஆயிடுச்சு' என்று கொத்தனார் சொல்வது நல்ல ஆங்கிலம். பெயிண்ட் காய்கிறது, அதற்கு 'டிரை'. சிமெண்ட் காய்வதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. அதனால்தான் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். சாதாரண சிமெண்டுக்கு இந்தியத் தரவிதி இரண்டு எல்லை வைத்திருக்கிறது: இறுகத் தொடங்குவது 30 நிமிடத்துக்கு முன் கூடாது, இறுகி முடிவது 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டு மறுபடி குழைத்தால் பலம் போய்விடும். பால் தயிராக உறைவதற்கும் இதே சொல்தான்.

நெற்பயிருக்கு வருவோம். பூ கருவுற்று மணி உருவாவதையும் ஆங்கிலம் 'செட்' என்கிறது. நாம் மணிப்பிடிப்பு, காய்ப்பிடிப்பு என்கிறோம். இந்த இடத்தில் 'பிடி' மிகப் பொருத்தமான தமிழ். பூக்கும் நேரத்தில் மழை விடாமல் அடித்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டுப் பதர் கூடும். ஆங்கிலத்தில் அது 'புவர் கிரெய்ன் செட்'.

பின்னொட்டுச் சொல் சேர்ந்தால் பொருள் புரண்டுவிடும். 'செட் அவுட்' புறப்படுவது. 'செட் அசைட்' என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னால், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு ரத்தானது. ஒத்திவைத்ததாக மொழிபெயர்த்தால் கட்சிக்காரர் கதி என்ன ஆவது! 'செட் இன்' என்பது வந்து நிலைகொள்வது. ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும் அடைமழைக்கு அது பொருந்தும். வைகாசியில் ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தால் பொருந்தாது. அழுகல், சீழ் போன்ற வேண்டாத விருந்தாளிகளுக்கே இது அதிகம் வரும்.

தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் 'செட்' வேறு குடியில் பிறந்தது. லத்தீன் 'செக்தா' பழைய பிரெஞ்சு வழியாக வந்து, ஒலி ஒற்றுமையால் இந்தச் சொல்லோடு கலந்துவிட்டது. மோட்டாரும் பம்பும் சேர்ந்த தொகுதி என்பதால் பம்பு செட். நம் ஊரில் அது நிற்கும் கொட்டகையையும் 'செட்டு' என்கிறோம், அது 'ஷெட்'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். அதேபோல், ஒத்துவராது என்பதற்கு நாம் சொல்லும் 'செட் ஆகாது' நம் பேச்சுக்கே உரியது. அதை அப்படியே ஆங்கிலமாக்கி வெள்ளைக்காரரிடம் சொன்னால் விளங்காது.

வேளாண்மை படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. நடுவதற்காக வெட்டும் கரும்புத் துண்டான விதைக்கரணைக்கும் ஆங்கிலத்தில் 'செட்' என்றே ஒலிப்பு. ஆனால் எழுதும்போது கடைசி எழுத்தை இரட்டிக்க வேண்டும். ஹெக்டேருக்கு இருபருக் கரணை (இரண்டு முளைக்கணு உள்ளது) 75,000, முப்பருக் கரணை 50,000 என்று விடைத்தாளில் எழுதும்போது அந்த இரண்டாவது 'டி'யை விட்டுவிடாதீர்கள்.