பாட்டோடு பிறந்ததைப் பாட்டிலிருந்து பிரிக்காதீர்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் என்டோசாக்கே ஷாங்கே தம் இனப் பெண்களைப் பற்றி எழுதிய 'ஃபார் கலர்டு கேர்ள்ஸ்' என்ற மேடைப் படைப்பைப் புதிய இசையோடு அரங்கேற்றுவது அதற்கு உயிரூட்டுகிறது என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "கறுப்பினப் பெண்களின் கண்ணீரைக் கச்சேரி ஆக்காதீர்கள்" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். அவருக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

இசை பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா? 1974 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகருக்கு அருகே பெண்களுக்கான ஒரு மதுக்கூடத்தில் ஐந்து பெண்கள் ஆடியும் இசைத்தும் கவிதை சொல்லியும் தொடங்கியதுதான் இந்தப் படைப்பு. இதில் வரும் ஏழு பெண்களுக்குப் பெயர் கிடையாது; ஆளுக்கொரு நிறம்தான் அடையாளம்.

அவர்களில் நீல நிறப் பெண்ணின் கதையைத் தோழர் கேட்க வேண்டும். லத்தீன் அமெரிக்க சல்சா இசைக் கலைஞர் வில்லி கொலோனைக் காண்பதற்காக, 36 மணி நேரம் நடக்கும் நடன ஆட்டம் ஒன்றுக்கு அவள் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸுக்குப் போகிறாள். காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள், அவர் வரவில்லை! வந்த கோபத்தில், எவனோடும் ஆடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு உரக்க ஆங்கிலம் பேசுகிறாள். கோபம் கொண்டவள் வீட்டுக்குப் போனாளா? இல்லை. மாம்போ, பொம்பா, மெரெங்கே என்ற லத்தீன் அமெரிக்க ஆட்டங்கள் அவள் உடம்பிலிருந்து வெடித்துக் கிளம்புகின்றன. ஜாஸ் கலைஞர் ஆர்ச்சி ஷெப்பின் சாக்ஸபோன் அவளை ஆட்கொள்ள வர, அவருடைய இசைத்தட்டு தேய்ந்தே போகிறது. இந்தக் கதையிலிருந்து இசையை எடுத்துவிட்டால் அவளிடம் மிஞ்சுவது என்ன என்று தோழர்தான் சொல்ல வேண்டும்.

"1976இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் 742 காட்சிகள் ஓடியது, 2022இல் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை" என்றும் அவர் குத்திக்காட்டினார். 1976இல் ஓடிய அதே பூத் அரங்கில், 2022இல் மார்த்தா ரெட்போனும் ஆரன் விட்பியும் இசையமைக்க, கமீல் பிரவுன் நடனம் அமைத்து இயக்கிய அந்த ஆக்கம் மே 22இல் முடியும் என்று அறிவித்த பிறகும் ஜூன் 5 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்க நாடகத்துறையின் டோனி விருதுக்கு ஏழு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. அதில் ஊதா நிறப் பெண்ணாக வந்த அலெக்ஸாண்ட்ரியா வெயில்ஸ் காதுகேளாத கலைஞர். சைகை மொழியால் கவிதை சொன்ன அந்தக் கைகளுக்கும் இடம் இருந்த மேடையைக் கச்சேரி என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

சிவப்பு நிறப் பெண் சொல்லும் கதைக்கு வருகிறேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய போ வில்லி, தன்னை மணந்துகொள்ளச் சொல்லி மிரட்டியபடி, அவள் பெற்ற இரண்டு குழந்தைகளையும் ஐந்தாம் தளத்து ஜன்னலுக்கு வெளியே பிடித்திருக்கிறான். நயோமி தாயை நோக்கிக் கை நீட்டுகிறாள். க்வாமே அம்மா, அம்மா என்று அலறுகிறான். தாய்க்கு முணுமுணுக்கத்தான் முடிந்தது, அவன் விட்டுவிட்டான். 2022இல் இதைச் சொல்லி நடித்த கெனிடா மில்லர் அப்போது கருவுற்றிருந்தார். ஒரு தாயின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்தச் சொற்களை அவர் எப்படித்தான் சொன்னாரோ!

அதன் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை ஷாங்கேயே எழுதி வைத்திருக்கிறார். கடவுளைத் தனக்குள்ளேயே கண்டு நேசித்ததாகச் சிவப்பு நிறப் பெண் சொல்ல, எல்லோரும் அதை மெல்லத் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். நீல நிறப் பெண் தொடங்கிவைக்க, அது மகிழ்ச்சிப் பாடலாகிறது. முதலில் ஒருவருக்கொருவர் பாடுகிறார்கள், பிறகு அவையை நோக்கிப் பாடுகிறார்கள். நடுவர் அவர்களே, பிள்ளைகளைப் பறிகொடுத்தவளோடு சேர்ந்து பாடும் அந்தப் பெண்களிடம் போய்ப் பாட்டை நிறுத்துங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. தீர்ப்பை அவர்கள் பக்கம் தாருங்கள்.