முட்டிக்கு மேல ஒரு சின்ன மேடு

வணக்கம் நேயர்களே. உக்காந்து கேட்டுட்டு இருக்கறவங்க காலைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்கங்க, வண்டி ஓட்டறவங்க வீட்டுக்குப் போய் பண்ணிப் பாருங்க. கட்டைவிரலை தொடையோட உள்பக்கம் வெச்சு, முட்டியைப் பாக்க மெதுவா அழுத்திக்கிட்டே இறங்குங்க, முதல்ல சதைதான், அப்புறம் கயிறு மாதிரி விறைப்பா ஒண்ணு தட்டுப்படும், அது நரம்பு இல்லீங்க, தசையை எலும்போட இணைக்கற தசைநாண், அதைப் பிடிச்சுக்கிட்டே போனா விரல் ஒரு சின்ன எலும்பு மேட்டுல போய் முட்டும். அதுக்குப் பேரு அட்டக்டர் டியூபர்கிள். அதுக்குக் கீழ, கொஞ்சம் முன்னாடி இன்னொரு அகலமான மேடு இருக்குல்ல, அது மீடியல் எபிகாண்டைல், முட்டி உள்பக்கமா விலகாம பிடிச்சிருக்கற லிகமெண்ட் அங்கருந்துதான் கிளம்புது. வெளிப்பக்கமும் இதே மாதிரி ஒண்ணு உண்டு.

ஒரு அம்மா வந்து இந்த மேட்டைக் காட்டி, "டாக்டர், கட்டியா இருக்குமோ"ன்னு அழுதாங்க. அவங்க கையையே எடுத்து இன்னொரு காலுல அதே இடத்துல வெச்சேன், அங்கயும் அதே மேடு, அப்பதான் மூச்சே வந்துச்சு அவங்களுக்கு. ஒரு பக்கம் மட்டும் பெருசா இருந்தாலோ, ராத்திரி வலிச்சாலோ கண்டிப்பா வந்து காட்டணும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது குழந்தைங்களைப் பத்தி. அந்த அட்டக்டர் டியூபர்கிள் இருக்கற மட்டத்துலதான் தொடை எலும்போட க்ரோத் பிளேட், அதாவது எலும்பு நீளமா வளர்ற குருத்தெலும்புப் பகுதி ஓடுது, தொடை எலும்போட நீளத்துல சுமார் 70 சதவீதம் இந்த ஒரு இடத்துலருந்து வளருது. பொண்ணுங்களுக்கு 14-16, பசங்களுக்கு 16-18 வயசு வாக்குல தான் அது மூடும், அதாவது எலும்பா மாறி வளர்ச்சி நிக்கும்.

12 வயசுப் பையன் ஒருத்தன் மரத்துலருந்து விழுந்து முட்டிக்கு மேல வீங்கிப் போச்சு, வீட்டுல சுளுக்குன்னு நெனச்சு எண்ணெய் போட்டு நீவி, கட்டு போட்டு, ஒரு வருஷம் கழிச்சு என்கிட்ட கூட்டிட்டு வரும்போது கால் வளைஞ்சு, மத்த காலை விட கட்டையாவும் இருந்துச்சு, அடிபட்டது அந்த க்ரோத் பிளேட்டுல. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

தயவுசெஞ்சு நீவாதீங்க. பிள்ளைக்கு அடிபட்டு, அந்த மேட்டு மேல விரல் வெச்சதும் கத்துதுன்னா, கால் ஊன மாட்டேங்குதுன்னா, அன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க. முதல் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாமயும் போகலாம், வலி இருந்தா திரும்ப காட்டுங்க, சரியானப்புறமும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் வரைக்கும் ரெண்டு காலையும் அளந்து பாக்க வாங்க.