குடும்பக் கடனை அடைப்பது சிக்கனமே

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மாட்டுப்பொங்கல் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் செல்லூர்த் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பக் கடன் அடைய வழி வருமானத்தைக் கூட்டுவதா, சிக்கனமாக வாழ்வதா என்பது தலைப்பு. வருமானம்தான் என்று பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டு உட்கார்ந்தார்கள்: "மாதம் 25,000 வருகிற வீட்டில் எதைக் குறைப்பீர்கள்? வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்களா? சாயங்காலம் ஒரு டிபன் கடை போட்டால் கடன் தன்னால் அடையும்." கைதட்டல் வாங்கிய கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அரிசிக்கே பத்தாத வீட்டில் போய்ச் சிக்கனம் பேசுவது பாவம். அந்த வீட்டுக்கு வேலை வேண்டும், உதவி வேண்டும். ஆனால் கடனில் கிடக்கிற எல்லா வீடும் அப்படி இல்லை. சம்பளம் வருகிறது, வந்த வாரமே வட்டியாகக் கரைந்து போகிறது. நான் பேசுவது அந்த வீடுகளைப் பற்றி.

ஒரு கணக்கைப் பாருங்கள். அஞ்சு வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மாதம் 2,500 வட்டி. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தால் 20 மாதத்தில் 50,000 ரூபாய் கட்டி முடித்திருப்பார்கள், அசல் 50,000 அசையாமல் அப்படியே நிற்கும். அதே வீடு செலவில் மாதம் 3,000 ரூபாய் மிச்சம் பிடித்து, வட்டியோடு சேர்த்து 5,500 கட்டினால்? 12 மாதத்தில் பாக்கி 2,250க்கு வந்துவிடும். 13ஆம் மாதம் கடனே இல்லை. சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை, நடுவர் அவர்களே!

அஞ்சு வட்டி என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 60. அந்த அசலில் நாம் திருப்பிக் கட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாயும் வருடத்துக்கு 60 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. சகோதரி சொன்ன டிபன் கடையில் 50,000 முதல் போட்டால், எல்லாச் செலவும் போக வருடத்துக்கு 30,000 கையில் நின்றால்தான் இதற்குச் சமம். அடுப்பு, பாத்திரம், கடை அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் முதல் எங்கிருந்து வரும்? இன்னொரு அஞ்சு வட்டியிலிருந்து. கடை பிடிபடவே நாலைந்து மாதம் ஆகும். வட்டி முதல் மாதமே வந்து வாசலில் நிற்கும்.

இன்னொரு கடனைப் பாருங்கள், தண்டல். 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். "1,500 தானே, நூற்றுக்குப் பதினைந்து" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது தப்பு. மறுநாளே திருப்பிக் கட்ட ஆரம்பிக்கிறோம். ஐம்பதாவது நாளில் 5,000 போய்விட்டது. நூறு நாளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக நம் கையில் இருந்தது பாதிப் பணம்தான். சரியாகக் கணக்குப் போட்டால் அது மாதம் பத்து வட்டி. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள், மாதம் மூன்றரை வட்டிக்கு ஒட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வங்கியில், கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகைக்கடன் ஒரு வட்டிக்கு ஒட்டித்தான் வரும்.

அதனால் சிக்கனத்தின் முதல் வேலை அடுப்படியில் இல்லை, ஒரு தாளில் இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாக் கடனையும் எழுத வேண்டும்: யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதி, என்ன ஈடு. வட்டியை மட்டும் எல்லாவற்றுக்கும் 'மாதம் நூற்றுக்கு இத்தனை' என்று ஒரே கணக்கில் எழுதுங்கள். இங்கேதான் பல வீடுகளில் முதல் இடி விழுகிறது. கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கிய குழு லோன், மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கிய கைமாற்று வெளியே வரும். அன்றைக்குச் சண்டை வந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். மறைத்த கடன் ஒன்று இருந்தால் மிச்சம் பிடித்த பணமெல்லாம் சத்தமில்லாமல் அதற்குள் போய்விடும்.

எழுதிய பிறகு மற்ற கடனுக்கெல்லாம் கட்ட வேண்டியதை மட்டும் கட்டிவிட்டு, மிச்சம் பிடித்தது அத்தனையையும் வட்டி அதிகமான ஒரே கடன் மேல் போடுங்கள். எல்லோருக்கும் ஐநூறு ஐநூறாகப் பங்கு வைத்தால் எதுவும் அடையாது. பீரோவில் நகையை வைத்துக்கொண்டு அஞ்சு வட்டி கட்டுகிற வீடும் இருக்கிறது. அந்த நகையை ஒரு வட்டிக்கு வங்கியில் வைத்து அஞ்சு வட்டியை முடித்துவிடலாம். ஆனால் எல்லா நகையையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். முழுத்தொகை கட்டும்வரை ஒரு மோதிரம்கூடத் திரும்பாது. சங்கிலி ஒரு ரசீது, வளையல் ஒரு ரசீது என்று பிரித்து வைத்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். வாரத்தவணை குழு லோனை முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் போடக்கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகிற மாதிரி கடன் கொடுக்கக்கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. மூன்றாவது குழுவில் கையெழுத்துப் போடச் சொல்லி வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

"சரி, அந்த 3,000 எங்கே இருக்கிறது?" என்று எதிரணி கேட்கும். இட்லி மாவிலிருந்து தொடங்குகிறேன். பாக்கெட் 45 ரூபாய், வாரம் நாலு பாக்கெட் என்றால் மாதம் 700ஐத் தாண்டும். ரேஷன் புழுங்கலரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். அதே அளவு மாவுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ உளுந்து போதும், 200 ரூபாய்க்குள் வரும். ரேஷன் அரிசி வாடை அடிக்கிறது என்பார்கள். நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, ஐந்து மணி நேரம் ஊறவிடுங்கள், போய்விடும். உளுந்து ஆட்டும்போது குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். மாவு சூடேறினால் பொங்காது, இட்லி கல்லாகும். அன்றைக்குத்தான் "பாக்கெட்டே தேவலை" என்ற பேச்சு வரும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் மாவுக்கு மேல் ஆட்டாதீர்கள், புளித்துக் கொட்டினால் மிச்சமும் கொட்டிப் போகும்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கார்டு இருந்தும் இதை வாங்காமல் விடுகிற வீடுகள் இருக்கின்றன. பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போட்டால் கேஸும் குறையும். அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி பிடித்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஓர் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டர் மாட்டிய தேதியைச் சுவரில் எழுதினால் எந்த மாதம் கை தாராளமாகிவிட்டது என்று தெரியும். காய்கறிக்கு நம் மதுரை அண்ணாநகர் உழவர் சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14இல் திறந்தது. விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். பெண்களுக்குச் சாதா டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது, போய்வர ஆட்டோ எதற்கு?

கரண்டுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் சேர்ந்து போகிறது. கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரை நீங்களே பாருங்கள். போன கணக்கைக் கழித்து 460இல் நின்றால் கெய்சரை நிறுத்துங்கள், ஏசி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். புது மாடல் ஃபேன் 75 வாட்டுக்குப் பதில் 30 வாட்டில் ஓடும். நாள் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். ஆனாலும் அஞ்சு வட்டி இருக்கும்வரை அதை வாங்காதீர்கள். ஃபேன் போட்ட முதலைத் திருப்பித் தர இரண்டு வருடம் ஆகும். ஃபேனுக்குப் போகிற பணம் அசலில் விழுந்தால் அதைவிட வேகமாக மிச்சம் பண்ணும்.

இதெல்லாம் சில்லறை. இந்தச் சீமையில் குடும்பத்தைக் கவிழ்க்கிற செலவு செய்முறை, அதாவது உறவுக்காரர் விசேஷத்துக்கு நாம் செய்கிற மொய்யும் சீரும். தை பிறந்துவிட்டது, பத்திரிகை வரத் தொடங்கிவிட்டது. காதுகுத்து, கல்யாணம், புதுவீடு, சடங்கு. ஒரே முகூர்த்தத்தில் மூன்று மண்டபம். கையில் இல்லையென்றால் மூன்று வட்டிக்கு வாங்கியாவது மொய் எழுதுகிறோம். மொய்யை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மதுரையில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது, அது உறவு. ஆனால் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நமக்கு எழுதியவர்கள் பெயர் இருக்கிறது. அது கடன், சொன்ன நாளில் திருப்பிக் கட்டுங்கள், அந்தத் தொகையை மார்கழியிலேயே எடுத்து வையுங்கள். நமக்கு எழுதாதவர்களுக்குப் புதிதாக ஆயிரம் எழுதாதீர்கள். போங்கள், வாழ்த்துங்கள், சாப்பிடுங்கள், நூறோ இருநூறோ வைத்துவிட்டு வாருங்கள். தாய்மாமன் சீர் என்றால் தப்ப முடியாது. அக்காவிடம் ஆறு மாதம் முன்னாலேயே போய், "இந்தத் தடவை அரைப்பவுன்தான்க்கா முடியும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்னால் சொன்னால் வருத்தம், மண்டபத்தில் தெரிந்தால் பகை.

மொய் வரும் என்று நம்பிக் கடனில் விசேஷம் வைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வந்த மொய் மண்டபத்துக்கும் கறிச்சோற்றுக்கும் பிளக்ஸுக்கும் போய்விடும். அடுத்த பத்து வருடம் அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அது வட்டி எழுதாத கடன்.

இதில் எங்கே தவறுகிறார்கள் என்று கேளுங்கள். முதல் மாதமே வேகத்தில் பாலை நிறுத்தி, பிள்ளைக்கு முட்டையை நிறுத்தி, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரி, அதோடு சிக்கனம் முடிந்தது. சாப்பாட்டிலும் மருந்திலும் கைவைக்காதீர்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். அடுத்த தவறு, மிச்சம் பிடித்த பணத்தை அரிசி டின்னுக்குள் வைப்பது. டின்னில் இருக்கிற பணம் ஆள் பார்த்துச் செலவாகும். மிச்சமானதை அந்தந்த வாரமே கடனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு 5,000 மட்டும் முதலில் தனியாக நிற்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ வண்டி பஞ்சர் ஆனாலோ மறுபடி தண்டல்காரரைத் தேடாமல் இருக்க அதுதான் காப்பு.

"அசலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டேன்" என்று சொல்கிற வட்டிக்காரர்களும் உண்டு. அப்போது குழுச் சேமிப்பிலோ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ மாதம் 3,000 போட்டுவந்து, 17ஆம் மாதம் மொத்தமாகக் கொண்டுபோய் வையுங்கள். மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாம்.

அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி. அங்கே சின்னப்பிள்ளை அம்மா, எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி, களஞ்சியம் குழுக்களை வளர்த்தார். கூலிப் பெண்கள் மாதாமாதம் சிறுதொகை சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வட்டிக்காரர் பிடியிலிருந்து வெளியே வந்தார்கள். பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கூலியைக் கூட்டிக் கேட்கவும் அவர் முன்னால் நின்றார், அதை எதிரணிக்காக நானே சொல்கிறேன். ஆனால் கூலி கூடட்டும், பிறகு சேமிக்கலாம் என்று அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார், கடைசித் தவணை நாளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை அசல் கட்டும்போதும், கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதி, கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேர் கையெழுத்தும் விழ வேண்டும். முடித்த அன்று புரோநோட்டையும், கொடுத்திருந்தால் வெறும் செக்கையும் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். "தேடி எடுத்துத் தருகிறேன்" என்றால், பாக்கி இல்லை என்று அங்கேயே எழுதி வாங்குங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் அதே 5,500ஐ எடுத்துக்கொண்டு நகைக்கடனுக்குப் போங்கள். ஒரு லட்சம் பாக்கி, ஏற்கெனவே கட்டிவரும் 1,000 வட்டியோடு சேர்த்து மாதம் 6,500 கட்டினால் 17 மாதம். இரண்டு கடனும் இரண்டரை வருடத்தில் முடிகிறது. மீட்கிற அன்று கவுன்டரிலேயே எடை போட்டு, ரசீதில் உள்ள கிராமோடு ஒத்துப் பார்த்து, சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். நன்றி, வணக்கம்.