சிமிழைச் சாய்த்துப் பாருங்கள்: கடலடிச் சேற்று டயட்டம் பற்றி ஒரு கேள்வி

சரி, இந்தத் தடவை ஒரே ஒரு கேள்விதான். மூன்று நாளாக மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. திருமுல்லைவாசல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். படகில் போகிற மாமாவிடம் சொல்லி, கரைக்குக் கிட்டேயே கடலடிச் சேறு கொஞ்சம் அள்ளி வரச் சொல்லி, கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மூன்று டயட்டம் படம் அனுப்பியிருக்கிறார். டயட்டம் என்றால் ஓட்டுக்குள் வாழ்கிற ஒற்றைச் செல் பாசி. ஒன்று படகு மாதிரி, ஒன்று நீளச் செவ்வகம், ஒன்று வட்டம். "ஐயா, படகை நேவிகுலா என்று போன் சொல்கிறது. மற்ற இரண்டுக்கும் பேர் கிடைக்கவில்லை. மூன்றும் மூன்று இனம்தானே?" இதுதான் கேள்வி.

தம்பி, மூன்று இல்லை, இரண்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பழைய ஆட்கள் இப்போதே சிரிப்பார்கள், ஐயா சிமிழை எடுக்கப் போகிறார் என்று. ஆமாம், எடுக்கத்தான் போகிறேன். இது எங்கள் அம்மாவின் குங்குமச் சிமிழ். மூடி கொஞ்சம் பெரிது, அடிப்பாகம் அதற்குள் செருகி உட்காரும். டயட்டத்தின் ஓடும் இப்படித்தான் இரண்டு துண்டு. சரக்கு என்னவோ சிலிக்கா, நம் நெல் உமியில் இருக்கிறதே அதேதான், உமி சீக்கிரம் மக்காததற்கும் அது ஒரு காரணம். இப்போது சிமிழை மேலே இருந்து பாருங்கள், வட்டம். சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள், செவ்வகம். சிமிழ் ஒன்றுதான். உங்கள் படகையும் செவ்வகத்தையும் அளந்து பார்த்தேன், நீளம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஒருக்களித்துப் படுத்த படகாக இருக்கலாம். நிச்சயப்படுத்த வழி உண்டு. கவர் ஸ்லிப்பை ஊசி முனையால் லேசாகத் தட்டினால் செல் புரளும். செவ்வகம் புரண்டு படகானால் முடிந்தது கதை.

ஆனால் நீளத்தை மட்டும் நம்பி இனம் பிரிக்காதீர்கள், அதற்கும் இதே சிமிழ்தான் பதில். செல் பிரியும்போது மூடியும் அடியும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், இரண்டுமே மூடியாகிக்கொண்டு உள்ளே புதிதாக அடி செய்துகொள்ளும். அப்போது பழைய அடியை எடுத்துக்கொண்ட பிள்ளை கொஞ்சம் சின்னது. இப்படிப் பிரியப் பிரியப் பலவும் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பால்முறை இனப்பெருக்கத்தில்தான் பழைய அளவுக்கு மீளும். 1869-லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். அதனால் ஒரே இனத்தில் தாத்தா பெரிசாகவும் பேரன் பாதியாகவும் ஒரே சொட்டுச் சேற்றில் கிடப்பார்கள்.

அப்புறம் அந்த நேவிகுலா. லத்தீனில் சின்னப் படகு என்று அர்த்தம். படகு மாதிரி இருந்ததையெல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பேரில் போட்டு வைத்தார்கள், வீட்டுப் பரண் மாதிரி. 1990 வாக்கில்தான் பரணை ஒழித்து லூட்டிகோலா, ஃபல்லேசியா, செல்லாஃபோரா என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். எதை வைத்து? ஓட்டின் மேல் உள்ள கோடு, துளை, நடுவில் ஓடும் பிளவு, உள்ளே பசுங்கணிகம் எப்படி இருக்கிறது, இதையெல்லாம் வைத்து. கோடுகளை 10 மைக்ரானுக்கு எத்தனை என்று எண்ணுவோம். படகு கொஞ்சம் நெளிந்து ஆங்கில எஸ் எழுத்து போல இருந்தால், கோடுகள் கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரி நேராக வெட்டிக்கொண்டால் கைரோசிக்மா, கம்பி வேலி மாதிரி சாய்வாக வெட்டிக்கொண்டால் ப்ளூரோசிக்மா. ப்ளூரோசிக்மாவின் கோடுகள் அவ்வளவு நெருக்கம், அந்தக் காலத்தில் லென்ஸ் நல்லதா என்று பார்க்கவே அதை வைத்திருந்தார்கள். போனுக்கு எங்கே தெரியப் போகிறது! நேவிகுலா என்று எழுதிக்கொள்ளுங்கள், பென்சிலில்.

இப்போது வட்டம். உண்மையில் நீங்கள் அதைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும், ஆனால் பேர் கேட்டிருக்கக் கூடாது. உயிரோடு இருந்ததா, அது குடியிருப்பதே அங்கேதானா என்று கேட்டிருக்க வேண்டும். பார்த்தால் காசினோடிஸ்கஸ் வகை, அது தண்ணீரில் மிதந்து வாழ்கிற சாதி. உயிருள்ள டயட்டத்துக்குள் பொன்பழுப்பு நிறம் தெரியும், உங்கள் படத்தில் அது இல்லை, காலி ஓடு. செத்து, மேலே இருந்து இறங்கியது.

இதில் நான் பட்ட அவமானம் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு ஐப்பசியில், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வடிந்த சமயம், பழையாறு முகத்துவாரத்தில் சேறு எடுத்தேன். படகு ஓட்டிய அண்ணன் ஒரு பிடியை எடுத்து விரலில் நசுக்கி மூக்குக்கிட்டே கொண்டுபோய், "தம்பி, இது ஆத்து வண்டல். நம்ம சேறுன்னா நாறும்ல?" என்றார். நான் பெரிய படிப்பாளி, கேட்பேனா? மொத்தத்தையும் ஆசிட்டில் காய்ச்சினேன். காய்ச்சினால் ஓடு பளிச்சென்று வரும், கோடு தெரியும், ஆனால் எது உயிரோடு இருந்தது என்ற சாட்சி அதோடு போய்விடும். 400 ஓடு எண்ணி, ஆலகோசைரா ஏகப்பட்டது என்று முகத்துவாரத்துக் குடிகளின் பட்டியலில் எழுதினேன். அது நன்னீர் டயட்டம். எங்கள் பேராசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மேட்டூர்க்காரனுக்கெல்லாம் இங்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டாயே" என்றார்.

அதனால் முதலில் உயிரோடு பார்க்க வேண்டும், காய்ச்சுவதெல்லாம் அப்புறம். சேற்றை ஒரு தட்டில் பரப்பி, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, லென்ஸ் துடைக்கும் காகிதத்தைப் படர விட்டு வெளிச்சத்தில் வையுங்கள். ஓட்டின் நடுவே நான் சொன்ன அந்தப் பிளவு உள்ளவை ஊர்ந்து ஊர்ந்து வெளிச்சத்தைத் தேடிக் காகிதத்துக்குள் ஏறிவிடும், சில மணி நேரத்தில் காகிதம் பழுப்பேறும். காலி ஓடு ஏறுமா? மணல் துகளில் ஒட்டிக்கிடக்கும் காக்கோனீஸ் போன்றவையும் ஏறாது, அதற்குத் தனியாக மணலைத்தான் பார்க்க வேண்டும், அதை இன்னொரு நாள் சொல்கிறேன். காகிதத்தில் ஏறியதில் ஒரு துளியை ஸ்லைடில் விட்டு, 40 லென்ஸில் சும்மா உட்கார்ந்து பாருங்கள் தம்பி. படகு முன்னால் போய், நின்று, திரும்பாமலே பின்னால் வரும். அடுத்த முறை போட்டோ வேண்டாம், அதை இருபது நொடி வீடியோவாக எடுத்து அனுப்புங்கள்.