அரக்கு என்பது நிறமா, பொருளா?

அன்பர்களே, வணக்கம். ஜவுளிக்கடையில் "அரக்கு கலர்ல காட்டுங்க" என்றால், கடைக்காரர் யோசிக்காமல் கருஞ்சிவப்புப் பட்டை எடுத்து விரிப்பார். இளையவர்கள் மெரூன் என்பார்கள். அது போகட்டும். அரக்கு முதலில் நிறத்தின் பெயரே அல்ல, ஒரு பொருளின் பெயர்.

புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒருவகைப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். தங்கள் மேலே பிசின்போல ஒன்றைச் சுரந்து மூடிக்கொள்ளும். அந்தப் பொருக்குதான் அரக்கு. கிளையோடு இருப்பதை நாட்டு மருந்துக்கடையில் கொம்பரக்கு என்பார்கள். பாரதக் கதையில் அரக்கு மாளிகை என்றதும் யாராவது சிவப்பு வீட்டையா நினைக்கிறோம்? சட்டென்று பற்றி எரியும் வீட்டைத்தான் நினைக்கிறோம்.

சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் லாக்ஷா என்றும் ராக்ஷா என்றும் இரண்டு வடிவங்கள் உண்டு. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. ரம்பை அரம்பை ஆனதுபோல இதுவும் அரக்கு ஆனது என்பது ஒரு விளக்கம். சிவப்பைக் குறிக்கும் 'அர்' என்ற தமிழ் வேரைக் காட்டுவோரும் உண்டு. தெலுங்கில் லக்க என்று இருப்பதைப் பார்த்தால் எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். பொருக்கை நீரில் கழுவினால் சிவப்புச் சாயம் கரைந்து இறங்கிவிடும். பூச்சியின் உடலில் இருந்து வரும் சாயம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அதை ஐரோப்பாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள். 1856இல் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது ஆங்கிலேயர், நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருளிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைச் செய்துவிட்டார். அடுத்தடுத்து வந்த செயற்கைச் சாயங்களோடு போட்டிபோட முடியாமல் அரக்குச் சாயம் படுத்துவிட்டது. அப்புறம் மதிப்பு பிசினுக்குத்தான். மரச்சாமான் பாலிஷ், முத்திரை மெழுகு, எல்லாவற்றுக்கும் மேலாக கிராமபோன் தட்டு! கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடி வந்த அந்தக் கறுப்புத் தட்டுகளில் இருந்தது இந்தப் பூச்சியின் சுரப்புதான். 1950களில் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டு வந்து அதையும் ஒதுக்கியது.

ஆக, சந்தையில் சாயம் போய்ப் பிசின் நின்றது. தமிழ்ப் பேச்சில் நேர் எதிர். பிசினை மறந்துவிட்டோம், நிறத்தைப் பிடித்துக்கொண்டோம். இன்றைக்கு ஜவுளிக்கடை அரக்குப் பட்டில் பெரும்பாலும் பூச்சிச் சாயம் ஒரு துளியும் இருக்காது.

பொருளாகவே அந்தச் சொல்லை அன்றாடம் புழங்குகிற இடம் நகைத்தொழில். உள்கூடான நகை நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கு வைப்பார்கள். அடகுக்கடைக்கு அதைக் கொண்டுபோய்ப் பாருங்கள், "அரக்கு எடை கழிக்கணும்" என்பார். அவர் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.