பரண்மேல் இருக்கிற மகளிர் வரலாறு

(புதுக்கோட்டையில் மகளிர் தினத்தையொட்டி நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிற நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, காட்சித் தொடர்பியல் துறைத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே (அவர் இல்லாவிட்டால் நான் பேசுவது எனக்கே கேட்காது), மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சியில் மகளிர் தின நிகழ்ச்சி என்பது தலைப்பு. மூன்று செய்தி சொல்லப்போகிறேன். ஒன்று, தகவலைச் சரிபார்ப்பது. இரண்டு, மூத்த பெண்களிடம் பேட்டி எடுப்பது. மூன்று, எடுத்ததைக் காப்பாற்றுவது.

முதல் செய்தி சுருக்கமானது. இந்த ஊரில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஐந்து நிமிடத் துணுக்கு செய்கிறீர்கள் என்று வையுங்கள். பெண்பிள்ளை கல்லூரியில் சேரக்கூடாது என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் சட்டசபையில் அவர் சொன்னதாக உலவுகிற பதிலடி வசனங்களை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து நடிகை வாயில் வைக்காதீர்கள். சட்டசபையின் நடவடிக்கைக் குறிப்பு அச்சில் இருக்கிறது. அதில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

இனி நேராகக் காப்பாற்றுகிற மூன்றாவது செய்திக்கு வருகிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அந்த ஆண்டைத்தான் ஐ.நா. சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவித்திருந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1968இலேயே மறைந்துவிட்டார். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1962இல். அவர்கள் நம் தொலைக்காட்சிக்குக் கிடைக்கவில்லை, அது காலத்தின் கணக்கு. ஆனால் கே.பி. சுந்தராம்பாள் 1980 வரை இருந்தார். நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1984 வரை, விடுதலைப் போராட்ட வீரர் கே.பி. ஜானகியம்மாள் 1992 வரை. அன்று வீடியோ நாடா விலை அதிகம். ஒளிபரப்பியதும் அழித்து, அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பிடிப்பது உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் ஒரே நான்கு புகைப்படத்தை ஜூம் செய்து காட்டுகிறோமே, அது அந்த நமஸ்காரம்தான்.

இந்த இடத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருந்த மேரியன் ஸ்டோக்ஸ் அம்மாவைச் சொல்லாமல் நகர முடியாது. நூலகராக வேலை பார்த்தவர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் விவாத நிகழ்ச்சியும் தயாரித்தார். 1979இல் ஈரானில் அமெரிக்கப் பணயக் கைதிகள் விவகாரம் வெடித்தது. தொலைக்காட்சிச் செய்தியைப் பிடிக்க அந்தம்மா ரெக்கார்டரைப் போட்டார். போட்டவர் நிறுத்தவில்லை! ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, ஒரு கட்டத்தில் எட்டுப் பெட்டி வரை இரவும் பகலும் ஓடின. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கேசட் மாற்ற வேண்டும். குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனாலும் நேரம் நெருங்கினால் சாப்பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வயதான பிறகு உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மாற்றவைத்தார். கேசட்டுக்கென்றே வேறு வீடுகள். 2012 டிசம்பர் 14 அன்று கண்மூடினார், அன்றும் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சேர்ந்திருந்த கேசட் 70,000க்கு மேல். கன்டெய்னர்களில் கலிபோர்னியாவுக்குப் போய், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணைய ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். (சிரிப்பு) கண் கெடுவதற்கு முன்பே சூரியனைக் கும்பிட்டவர் அவர்.

நமக்கு 70,000 வேண்டாம். 1991இல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டும் விஎச்எஸ் கேசட் காலம். அந்தப் பொதுக்கூட்டங்களையும் பதவியேற்புகளையும் பிடித்தவர்கள் கல்யாண வீடியோக்காரர்களும் உள்ளூர் கேபிள்காரர்களும்தான். அவர்கள் வீட்டுப் பரணைத் தேடிப் போங்கள்.

கேசட் கிடைத்ததும் பிளேயரில் தள்ளிவிடாதீர்கள். கேசட்டின் மேலுள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். நாடாச் சுருளின்மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கிற முனையில், ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனிப் பையில் கட்டி வையுங்கள். நல்ல கேசட்டாக இருந்தால் முதுகுப் பக்க ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. கடைசி வரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பிளே. படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தால் ஹெட் அடைத்திருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமாய் என்கிற மெல்லிய தோல் துணியை, ஹெட் பொருத்திய உருளையான டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும்.

தொலைக்காட்சி நிலையங்களில் புழங்கிய பழைய யூமேட்டிக் நாடா ‘கீச்’சென்று அலறினால் ஈரம் குடித்துப் பசை இளகியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். இன்குபேட்டரில் சுமார் 50 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உலர்த்தி, ஆறவிட்டு, சில வாரத்துக்குள் நகல் எடுத்துவிட வேண்டும். சமையலறை அவன் ஆகாது, சூடு ஒரு நிலையில் நிற்காது.

நகல் எடுக்கும்போது நடுவில் டைம்பேஸ் கரெக்டர் என்கிற, படத்தின் நேரப் பிசகைச் சரிசெய்யும் கருவியை வையுங்கள், இல்லாவிட்டால் படத்தின் ஓரம் நெளியும். DV என்கிற டிஜிட்டல் வீடியோ கோப்பாக எடுத்தால் மணிக்குச் சுமார் 13 ஜிபி. இன்னொன்று, 4:3 படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுக்காதீர்கள். அம்மாக்களின் வட்டப் பொட்டெல்லாம் முட்டையாகிவிடுகிறது! பக்கத்தில் கறுப்பு இருந்தால் இருக்கட்டும். டிவிடிக்கு மாற்றிவிட்டோம் என்று கேசட்டை எடைக்குப் போடுகிறவர்களுக்கும் அதே பழமொழிதான், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பேட்டி பற்றி அடுத்த அமர்வில் பேசவிருக்கும் அம்மையார் என்னைவிட நன்றாகச் சொல்வார். கேசட் கொண்டுவந்திருப்பவர்கள் மேடைக்கு வலப்பக்க மேசையில் கொடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம், யார் பிடித்தது என்று பென்சிலில் எழுதி உறைக்குள் செருகுங்கள். வண்டிப் பெட்டியில் வைத்திருந்தால் இப்போதே போய் எடுத்துவந்துவிடுங்கள், வெளியே நல்ல வெயில். நன்றி, வணக்கம்.