ஜிமிக்கி, பட்டு நூல் வளையல்: கலரும் சைஸும் மாறாம போட்டோ எடுக்கிறது எப்படி?

வணக்கம்ங்க. ஆன்லைன்ல விக்கிறதுக்குப் போட்டோ எடுக்க டேபிள் மேல ரெண்டு பொருள் வெச்சிருக்கேன். ஒண்ணு கருப்பு டெரகோட்டா ஜிமிக்கி, மேல தங்க பெயின்ட் வேலை. இன்னொண்ணு பட்டு நூல் வளையல், ராணி பிங்க். வேணும்னேதான் இந்த ரெண்டையும் எடுத்தேன். போன் கேமரா அதிகமா ஏமாறுறது இந்த ரெண்டு கலர்லதான். கருப்பைச் சாம்பலாக்கிடும், ராணி பிங்க்கை ஒரே திட்டா அப்பிடும்.

முதல்ல வெளிச்சம். ரிங் லைட்டை ஓரமா வெச்சிடுங்க. பளபளக்கிற தங்க பெயின்ட்ல அந்த வட்டம் அப்படியே தெரியும், கல்லு வெச்ச ஜிமிக்கின்னா ஒவ்வொரு கல்லுலயும் ஒரு குட்டி வட்டம் உக்காந்திருக்கும். ஜன்னல் போதும். டேபிளை ஜன்னலுக்குப் பக்கவாட்டுல போடுங்க, வெளிச்சம் இடது கைப்பக்கமோ வலது கைப்பக்கமோ இருந்து வரணும். வடக்கு பாத்த ஜன்னல்னா நல்லது. ஆனா வடக்கு ஜன்னல்ல வெயிலே அடிக்காதுன்னு வெளிநாட்டு வீடியோல சொல்றது நம்ம ஊருக்கு முழுசா பொருந்தாது. சென்னையில ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிவேளையிலயே சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். அந்த மாசங்கள்ல ஜன்னல் கம்பியில ஒரு பட்டர் பேப்பரை ஒட்டிடுங்க, நிழலோட ஓரம் மெத்துனு ஆயிடும்.

ரூம்ல இருக்கிற டியூப்லைட், பல்பு எல்லாத்தையும் அணைச்சிடுங்க. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு வேற நிறம். ரெண்டும் கலந்தா வளையலோட ஒரு பக்கம் நீலம் தட்டும், மறுபக்கம் மஞ்சள் தட்டும். ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு கெடும். ஃபேனையும் நிறுத்துங்க, ஜிமிக்கி ஆடும். நீங்க போட்டிருக்கிற துணியும் கணக்குல வரும். சிவப்பு சுடிதார்ல பக்கத்துல நின்னா வெள்ளை சார்ட்டுல லேசா சிவப்பு ஏறும். வெள்ளை, சாம்பல், கருப்பு இதுல ஏதாவது போட்டுக்கோங்க.

பின்னணிக்கு பளபளப்பு இல்லாத வெள்ளை சார்ட் பேப்பர். முழு சார்ட், 22க்கு 28 இன்ச். மேல் ஓரத்தைச் சுவத்துல ஒட்டி, கீழே டேபிள் மேல வளைஞ்சு இறங்க விடுங்க. மடிப்பு விழக்கூடாது, விழுந்தா பின்னாடி ஒரு கோடு தெரியும். பொருளை வளைவுல ஒட்டி வைக்காம 8, 10 இன்ச் முன்னாடி வைங்க, நிழல் சுவத்துல ஏறாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் அரை அடி தள்ளி ஒரு தெர்மாகோல் துண்டை நிறுத்துங்க. இருட்டா இருந்த பக்கம் தெளியறது பாருங்க. வளையலுக்கு இவ்வளவுதான்.

கருப்பு ஜிமிக்கிக்கு அப்படி விட்டா ஆகாது. சுத்தி எல்லாமே வெள்ளையா இருந்தா அந்த வெள்ளை கருப்பு மேல பட்டு வெளுத்துப் போகும். அதனால தெர்மாகோலை எடுத்துட்டு, அதே இடத்துல நாலு விரல் அகலத்துக்கு ஒரு கருப்பு சார்ட் துண்டை நிறுத்துங்க. கருப்பு கருப்பாவே நிக்கும், தங்க விளிம்பு தனியா எடுத்துக் காட்டும்.

இப்ப சுத்தம் பண்றது. கண்ணுக்குத் தெரியாத தூசி போட்டோல பூதாகரமா தெரியும். டெரகோட்டாவுக்கு காஞ்ச, மெத்தென்ற பெயின்ட் பிரஷ். பட்டு நூலுக்கு பிரஷ் வேண்டாம், நூல் பிசிறும். செல்லோ டேப்பைத் திருப்பி விரல்ல சுத்திக்கிட்டு லேசா ஒத்தி எடுங்க. க்ளூ கன் இழை சிலந்தி வலை மாதிரி தொங்கும், ட்வீசரால எடுத்திடுங்க. தங்க பெயின்ட் மேல கைரேகை பதியும், கொக்கியைப் பிடிச்சுத் தூக்குங்க. கேமரா லென்ஸையும் துடைங்க. இதை மறந்தா வெளிச்சமான இடமெல்லாம் புகை படிஞ்ச மாதிரி இருக்கும்.

போனுக்கு வருவோம். 1எக்ஸ்ல, அதாவது ஜூம் இல்லாம, கிட்ட கொண்டுபோய் எடுக்காதீங்க. கிட்ட இருக்கிற பாகம் வீங்கித் தெரியும், ஜிமிக்கியோட குடை மட்டும் பெருசாகி மேல் தோடு சின்னதாயிடும். ரெண்டடி தள்ளி ட்ரைபாட்ல வெச்சு 2எக்ஸ் போடுங்க. கிட்ட போனாலே சில போன் தானா மேக்ரோவுக்கு, அதாவது ரொம்ப கிட்ட எடுக்கிற மோடுக்கு, மாறிடும். ஸ்கிரீன்ல பூ மாதிரி ஒரு குறி வந்தா அதை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா அகல லென்ஸ்ல எடுத்து ஓரத்தை இழுத்து வைக்கும். பின்னணியை மங்கலாக்கிற போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். கொக்கியையும் தொங்குற மணியையும் பின்னணின்னு நினைச்சு அழிச்சிடும்.

பொருள் மேல விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸை லாக் பண்ணுங்க. பக்கத்துல சூரியன் குறி வரும், அதை மேல தள்ளணும். ஏன்னா வெள்ளை நிறைய இருந்தா கேமரா வெளிச்சம் அதிகம்னு நினைச்சு எல்லாத்தையும் மங்கலாக்கும், சார்ட் அழுக்கு வெள்ளையா விழும். எல்லாத்தையும் நாமே மாத்திக்கிற ப்ரோ மோட் இருந்தா, வெளிச்ச அளவை (EV) பிளஸ் 0.7ல இருந்து பிளஸ் 1 வரைக்கும் ஏத்துங்க. ஆனா ராணி பிங்க்குக்கு அந்த அளவு ஏத்தாதீங்க. சிவப்பு முதல்ல நிரம்பி வழிஞ்சிடும், நூல் சுத்தின வரி தனித்தனியா தெரியாம பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். கொஞ்சம் குறைச்சே எடுங்க, பின்னணி வெள்ளையை அப்புறம் ஏத்திக்கலாம். வழிஞ்சு போன பிங்க்கைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. 3 செகண்ட் டைமர் போடுங்க, பட்டனை அழுத்துற அதிர்ச்சியே படத்தைக் கலைக்கும்.

வைட் பேலன்ஸுக்கு, அதாவது வெள்ளை வெள்ளையாவே தெரியற மாதிரி கலரைச் சரி பண்றதுக்கு, ஏ4 பேப்பரைக் காட்டுறது நிறைய பேர் பண்றது. அந்தப் பேப்பர் வெள்ளையா தெரியணும்னு ஒளிரும் வேதிப்பொருள் சேர்த்திருப்பாங்க, பகல் வெளிச்சத்துல லேசா நீலம் தட்டும். அதை வெள்ளைன்னு நம்பிச் சரி பண்ணா படம் மஞ்சளாயிடும். ஒரு கிரே கார்டு, அதாவது எந்த நிறமும் தட்டாத சாம்பல் அட்டை, வாங்கி வெச்சுக்கிறது நல்லது. முதல் படத்துல பொருள் பக்கத்துல அதை வெச்சு ஒண்ணு எடுத்துக்கோங்க. போட்டோ எடிட் பண்ற ஸ்னாப்சீட் ஆப்ல வைட் பேலன்ஸ் போய், ஐ ட்ராப்பரை (கலர் எடுக்கிற சொட்டுக்குழாய் குறி) அந்தச் சாம்பல் மேல வைங்க. அதே செட்டிங்கை மத்த படங்களுக்கும் போடலாம். முடிச்சதும் ஜன்னல் பக்கத்துலயே வளையலை ஸ்கிரீனோட சேர்த்துப் பிடிச்சுப் பாருங்க. பாக்கும்போது போன்ல ஸ்கிரீன் கலரை மாத்துற ஐ கம்ஃபர்ட், விவிட் ரெண்டும் ஆஃப்ல இருக்கணும்.

சைஸ் காட்டுறதுக்கு காசு வைக்காதீங்க. ஒரு ரூபாய் காசே ரெண்டு மூணு அளவுல இருக்கு. ஸ்கேலை வைங்க, ஜிமிக்கியோட உயரம் கொக்கியில இருந்தா தோட்டுல இருந்தான்னு எழுதுங்க. காதுல போட்ட படம் ஒண்ணு கண்டிப்பா வேணும். வளையல்ல இன்னும் கவனம். 2.4ன்னா அது 2.4 இன்ச் இல்ல. புள்ளிக்கு அப்புறம் வர்றது பதினாறுல எத்தனை பங்குன்னு கணக்கு. அப்ப 2.4ன்னா ரெண்டே கால் இன்ச், உள்விட்டம் 57 மில்லிமீட்டர். 2.6ன்னா 60, 2.8ன்னா ரெண்டரை இன்ச், 63.5. அதுக்கு அடுத்தது 2.10. தெரியாதவங்க 2.10ஐ 2.4ஐ விட சின்னதுன்னு நினைச்சு ஆர்டர் போட்டுடுவாங்க. அதனால ஸ்கேல் வளையலுக்கு உள்ள கிடக்கிற மாதிரி மேல இருந்து நேரா ஒரு படம், மில்லிமீட்டர்ல அளவு. நூல் தடிமனும் உள்ள இடத்தைத் தின்னும், அதனால சுத்தி முடிச்ச அப்புறம்தான் அளக்கணும்.

விக்கிற தளங்கள்ல கேக்கிற பட அளவு பத்தி ரெண்டு வார்த்தை. கைவினைப் பொருள் விக்கிற எட்சி (Etsy) தளத்துல படத்தோட சின்ன பக்கம் 2000 பிக்சலாவது இருக்கச் சொல்றாங்க. அமேசான்ல முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூணும் 255, 255, 255, பொருள் படத்துல 85 சதவீதம் நிறையணும். அதுக்காக பின்னணி அழிக்கிற ஆப்ல போட்டா ஜிமிக்கி மணிக்கு நடுவுல இருக்கிற ஓட்டையை நல்லா பெருக்கிப் பாருங்க. அங்க சாம்பல் மிச்சம் இருக்கும், இல்லன்னா ரெண்டு மணியே காணாமப் போயிருக்கும்.

கடைசியா, கம்ப்யூட்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறீங்கன்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க. சாதாரண போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், நூல் வரியெல்லாம் கரைஞ்சு போகும். ஐபோன்காரங்க படத்தை ஜேபெக் ஃபைலா, எஸ்ஆர்ஜிபி (sRGB, இணையத்துல பொதுவா பயன்படுற கலர் முறை) கலர்ல மாத்திட்டு ஏத்துங்க. வளையலை ஷூட் முடிஞ்சதும் வெயில்ல விட்டுடாதீங்க, ராணி பிங்க் வெளுத்திடும்.